நாலாவது சிலிண்டர்

ஊர் மொத்தத்துக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாமனார் அப்படிக் கூப்பிட்டால் அது முறை, கேட்டுக்கொள்ளலாம். டீ கொண்டுவருகிறவரும், எதிர்த்த டயர் கடைக்காரரும், பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற முன்பின் தெரியாத ஆளும் "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்டால் மனுஷன் என்னதான் செய்வார்? காதோரம் நரைத்துவிட்டது, கிட்டப் பார்க்கக் கண்ணாடி வந்துவிட்டது, இன்னும் மாப்பிள்ளை. ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக இருப்பதே லேசுப்பட்ட காரியமில்லை, இவர் ஒரு தெருவுக்கே இருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பஸ் டிப்போவில் பிரேக் செக்‌ஷனில் இருந்தவர். கூட்டாளிகள் அவரை 'பிரேக்கு' என்று கூப்பிடுவார்கள். தாலி கட்டிய ஈரம் காய்வதற்குள் மாமனாரின் பட்டறையில் ஜாக்கி நழுவி, மாமனாரின் இடுப்பு எலும்பு போனது. "நான் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும் பட்டறையப் பார்த்துக்குங்க மாப்பிள்ளை, ரெண்டே மாசம்" என்றார் படுக்கையிலிருந்து. யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? மாமனார் எழுந்தார், கம்பு ஊன்றி நடந்தார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த ரெண்டு மாசம் மட்டும் முடியவேயில்லை.

மாமனார் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வெளியேறலாம். இவரோ எதற்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "ஆகட்டும் மாப்பிள்ளை", "அதுக்கென்ன மாப்பிள்ளை", "நல்ல யோசனைதான், பார்ப்போம்." அவரிடம் சொல்கிற விஷயம் கிணற்றில் போட்ட கல் மாதிரி போய்விடும். பட்டறைக்கு ஒரே வாசல். அதில் அவர் நாற்காலி. மாப்பிள்ளை முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பினாலும், "எங்க மாப்பிள்ளை, வெளியவா?" என்று அன்பாகக் கேட்பார். அவ்வளவுதான் கேட்பார். போகிற இடத்தைச் சொல்லி, திரும்புகிற நேரத்தையும் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். இத்தனை வருஷத்தில் சொல்லாமல் ஒரு தடவைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை.

பட்டறைக்கு மேலேதான் குடித்தனம். ஒரு அறை, ஒரு சமையலறை, முற்றத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். சாதாரண மெஷின் இல்லை, வண்டி சீட்டுக்கு ரெக்சினும் தோலும் தைக்கிற கனமான மெஷின். அவள் தைத்த சீட்டுக்காகவே தூரத்திலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளைக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டிப்போக் கூட்டாளி போன் பண்ணினான். வேறொரு ஊரில், பெரிய ரோட்டின் மேலேயே, சொந்தமாக கராஜ் திறக்கிறானாம். "பிரேக்கு, கூட்டு சேர்ந்துக்க. பாதி உனக்கு, பாதி எனக்கு. ஒண்ணாந்தேதி திறக்கிறேன். அதுக்குள்ள வந்துடணும், இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்குவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத" என்றான். 'பிரேக்கு' என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. போனை வைத்த கையோடு வாசலுக்குப் போய் மாமனாரிடம் கேட்டுவிட்டார்.

மாமனார் கம்பைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். "போங்க மாப்பிள்ளை. யாரு வேணாம்னா? நம்ம வண்டிய மட்டும் ஓட வச்சுக் குடுத்துட்டுப் போங்க. பாப்பாவோட அம்மாவ ஏத்திக்கிட்டு சுத்தின வண்டி. ஒரு ரவுண்டு அதுல நான் உக்காந்து போயிட்டா போதும்."

பாப்பா என்பது மாப்பிள்ளையின் மனைவி. அவளுக்கும் நரை வந்தாயிற்று, அப்பாவுக்கு மட்டும் பாப்பா.

'நம்ம வண்டி' என்பது மாமனாரின் பழைய கார், பின்பக்கக் கொட்டகையில் நின்றது. கரும்பச்சை நிறம், முட்டைக்கண் விளக்கு, மனுஷன் நிமிர்ந்து உட்காரக் கூரை. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது, சீட்டை மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மிச்சம் பிரேக் ஒன்றுதான். பிரேக் என்றால் மாப்பிள்ளைக்கு அல்வா. பத்து நாள் வேலை என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, கூட்டாளியிடம் "வந்துட்டேன்னு வச்சுக்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி சோறு போடும்போது மனைவியிடம், "அடுத்த மாசம் நாம கிளம்பறோம்" என்றார். அவள் குழம்புக் கரண்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "ம்" என்றாள்.

பிரேக்குக்கு உயிரான மாஸ்டர் சிலிண்டர் என்பது ஒரு கைப்பிடி அளவு இரும்புதான். காலால் பெடலை மிதித்தால், பெடலோடு சேர்ந்த தண்டு சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டனைத் தள்ளும், ஆயில் நாலு சக்கரத்துக்கும் ஓடிப் பிரேக்கைப் பிடிக்கும். காலை எடுத்தால் பிஸ்டன் பின்னால் வந்து, ஊசி முனை போன்ற ஒரு துளை திறந்து, ஆயில் வந்த வழியே திரும்பும். அந்தத் துளை திறக்காவிட்டால் வழியில்லாமல் ஆயில் உள்ளேயே நிற்கும், பிரேக் விடாது. வண்டி அறைந்த ஆணி மாதிரி நிற்கும். இவ்வளவுதான் சங்கதி.

பழைய சிலிண்டரைத் துரு தின்றுவிட்டிருந்தது. அதற்கு ஜோடி தேட வேண்டும். இன்ஜின் மூடிக்குக் கீழே இருந்த தகட்டில் வருஷம் பார்த்து, அந்த வருஷத்து வண்டிக்குரியதை உதிரிபாகக் கடையில் சொல்லி வரவழைத்தார். வந்ததைக் கொண்டுபோய் வைத்தால் போல்ட் துளை ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. புது வருஷம் பிறந்தாலும் கம்பெனிக்காரன் கைவசம் இருந்த பழைய சாமானைப் பூட்டித் தீர்த்திருக்கிறான். தகடு ஒரு வருஷம் சொல்கிறது, வண்டி இன்னொரு வருஷம் சொல்கிறது.

சரி, தகட்டை நம்பவேண்டாம் என்று, பழைய சிலிண்டரின் வயிற்றில் புடைத்திருந்த எண்ணைச் சுரண்டிப் படித்து, அதே எண்ணுள்ளதைக் கேட்டு வாங்கினார். போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. பெடலை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது, வண்டியோ மெதுவாகத்தான் நின்றது. அந்த எண் வெளிக்கூட்டுக்கு உள்ளது. ஒரே அச்சில் வார்த்துவிட்டு, உள்ளே வேறு வேறு அளவில் குடைகிறார்கள். இதில் குடைவு ஒரு இஞ்ச், இந்த வண்டிக்கு அது பெரிசு. டிப்போவில் இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மூன்றாவதுக்கு ஒழுங்காக உட்கார்ந்து அளந்தார். பழைய சிலிண்டரில் துரு ஏறாத வாய்ப்பக்கத்தைத் துடைத்து, வெர்னியர் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். முக்கால் இஞ்ச். சிலிண்டர் வந்தது, பூட்டினார். தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, தண்டின் நீளம் மாறாமல் பிடிக்கிற லாக் நட்டை இறுக்கி, நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். நட்டு இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். டிப்போப் பழக்கம். சாயங்காலம் பெடலை மிதித்தால் வெண்ணெய் மாதிரி இறங்கியது. காலை எடுத்தால் சக்கரம் சுற்றியது. மாப்பிள்ளை வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மாமனாருக்குக் காட்டலாம் என்று மிதித்தார். இரண்டு மிதி, மூன்று மிதி. நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டது. கடப்பாரை போட்டாலும் அசையவில்லை.

"பரவால்ல மாப்பிள்ளை. அவசரம் என்ன?" என்றார் மாமனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மாப்பிள்ளைக்கு.

சக்கரத்துப் பக்கம் ஆயில் வடிக்கிற நிப்பிளைத் திறந்தால் ஆயில் சீறிக்கொண்டு வந்தது, சக்கரம் விட்டது. அப்படியானால் ஆயில் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, திரும்பும் துளை திறக்கவில்லை. தண்டு நீண்டு பிஸ்டனைப் பின்னால் வரவிடாமல் தடுக்கிறதோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தண்டில் தப்பில்லை. அப்படியானால் பிஸ்டன் நீளம். இதே அளவில் குட்டைப் பிஸ்டன் போட்டதும் உண்டு என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்ல, நாலாவது வந்தது. மறுபடி பூட்டினார், தண்டுக்குப் பழையபடி இடைவெளி வைத்தார், கோடு இழுத்தார். சாயங்காலம் வெண்ணெய். மறுநாள் ஆணி.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. பிஸ்டன் ரப்பர் ஊதித் துளையை அடைக்கிறதோ என்று ஆயிலை மாற்றினார். கூட்டாளி போன் பண்ணினால் எடுக்கப் பயமாக இருந்தது. பட்டறைச் சுவர்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் கிட்ட வருகிற மாதிரி மூச்சு முட்டியது. மாமனார் மேல்கூட சந்தேகம் வந்தது, சொல்லவே வெட்கம். ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகுப்புற நுழைந்து தண்டைத் தொட, அந்த இடுப்பால் எப்படி முடியும்? நாற்காலியிலிருந்து எழுவதற்கே அவருக்கு ஒரு ஆள் வேண்டும். இல்லை, எல்லாம் நம்ம தலைவிதி, இந்த வீட்டை விட்டு நம்மால் போக முடியாது என்று எழுதியிருக்கிறது என்றுதான் முடிவுக்கு வந்தார்.

ஒண்ணாந்தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நாலாவதையும் கழற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று மேஜைமேல் வைத்தவருக்கு, கடைசியாக அந்தத் துளையையாவது ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. கம்பி எதுவும் அவ்வளவு மெலிசாக இல்லை. முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்தார்.

"இருக்கிறதுலயே மெல்லிசா ஒரு ஊசி குடு" என்றார்.

மெஷின் சத்தம் நின்றது. மனைவி ஜன்னலுக்கு வந்தாள். "எதுக்கு?"

"சிலிண்டர்ல துளை அடைச்சிருக்கான்னு பாக்கணும்."

அவள் கீழே இறங்கி வந்து ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு மேலே போனாள்.

சிலிண்டரின் தலையில் இருந்த ஆயில் தொட்டிக்குள், அடியில் இருந்த துளையில் ஊசியை விட்டார். தங்கு தடையில்லாமல் உள்ளே இறங்கியது. பிஸ்டனை விரலால் அமுக்கினால் ஊசி தட்டியது, விட்டால் இறங்கியது. அமுக்கினார், விட்டார், அமுக்கினார், விட்டார். சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை. இதில் இல்லையென்றால் மூன்றாவதிலும் இருந்திருக்காது. சரியானதைத்தான் இரண்டு முறையும் பிடித்திருக்கிறார். சரியானதைத்தான் திருப்பியும் அனுப்பியிருக்கிறார்.

அப்படியானால் தண்டு. ஆனால் கோடுதான் நேராக இருக்கிறதே என்று முனகிக்கொண்டே வண்டிக்குள் தலையை விட்டார். டார்ச் வெளிச்சத்தில் கோடு பளிச்சென்று தெரிந்தது. கட்டைவிரலை வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

கோடு விரலோடு வந்துவிட்டது.

பெயிண்ட் அப்படி வராது. பெயிண்டைச் சுரண்ட வேண்டும், தின்னர் போட வேண்டும். மாப்பிள்ளை வெளியே வந்து வெளிச்சத்தில் விரலைப் பார்த்தார். வழுவழுவென்று மாவு மாதிரி. துணியில் வெட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளம் போடுகிற சாக்கட்டி. அந்த வீட்டில் அது ஒரே ஒருவர் கையில்தான் இருக்கும். தினமும் காலையில் சீட்டையும் கதவுத் துணியையும் பூட்டுகிறேன் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவள். பட்டறையிலேயே பிறந்து வளர்ந்து, ஊசிக்கு முன்னால் ஸ்பானரைப் பிடித்தவள்.

அவர் மாடிப்படி ஏறியது அவருக்கே நினைவில்லை. விரலை அவள் முன்னால் நீட்டினார்.

மனைவி மெஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஊசி கேட்டப்பவே தெரியும்" என்றாள்.

"நீயா?"

"நான்தான். நட்டை இளக்கி ஒரு சுத்து தண்டை நீட்டினேன். பெயிண்டைத் துடைச்சுட்டு சாக்கட்டியில கோடு போட்டேன். முதல் தடவ கை நடுங்குச்சு. ரெண்டாந்தடவ நடுங்கல."

"இந்த வீட்ல நான் எப்படி மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்னு உனக்குத் தெரியுமா? உங்கப்பா வாசல்ல உக்காந்துக்கிட்டு, நான் மூச்சு விடறதுக்குக் கூட..."

"தெரியும்" என்றாள் அவள். "நான் இங்கயேதான் பொறந்தேன்."

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"உங்க கூட்டாளிகிட்ட வரேன்னு சொன்னீங்க. அப்பாகிட்ட போகலாமான்னு கேட்டீங்க. என்கிட்ட மட்டும் 'கிளம்பறோம்'னீங்க. நான் என்ன பெட்டியா? தூக்கி வண்டியில வச்சா கூட வர்றதுக்கு." குரலை அவள் உயர்த்தவில்லை. அந்த விஷயத்தில் அப்பாவையே உரித்து வைத்தவள். "அங்க கராஜ் எப்படி, குழி எவ்வளவு ஆழம், கம்ப்ரஸர் எத்தனை குதிரைன்னு விடிய விடிய போன்ல பேசினீங்களே. இந்த மெஷின் போட இடம் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது அவர் மனசில் தோன்றவேயில்லை. தோன்றவில்லை என்பதுதான் அவரைச் சுட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மாமனாரை இத்தனை காலம் மனசுக்குள் திட்டியவர், தானும் ஒருத்தியின் வழியில் நாற்காலி போட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

"போய் சரி பண்ணுங்க" என்றாள் அவள். "இனிமே தொட மாட்டேன்."

அவர் படிவரை போனார். நின்றார். திரும்பி வந்து, மெஷின் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் அங்க போகணும்னு ஆசைப்படறேன்" என்றார். "ரொம்ப ஆசையா இருக்கு. நீ என்கூட வரியா?"

இப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் முகம் பழிவாங்குகிற முகமாக இல்லை, நிஜமாகவே யோசித்தாள். பாதி தைத்த தோலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"வரல" என்றாள். "நீங்க போறதுன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன், யார்கிட்டயும் அழவும் மாட்டேன். நான் வரல."

கீழே வந்து அவர் சிலிண்டரைப் பூட்டினார். ஆயில் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை எடுத்தார். தண்டை ஒரு சுற்றுக் குறைத்து, நட்டை இறுக்கி, பெயிண்டில் கோடு இழுத்தார். எப்போதும் போல நேர்க்கோடு. மாடியில் மெஷின் சத்தம் வரவில்லை.

மறுநாள் காலையில் மிதித்துப் பார்த்தார். பிடித்தது, விட்டது. பத்து மிதி மிதித்தாலும் விட்டது. மாமனாரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். கிழவர் சீட்டைத் தடவிப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், கம்பைக் கால் நடுவே நிறுத்திக்கொண்டார். வாசலில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

தெரு முனையில் பெரிய ரோடு. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை, வண்டி நின்றது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இடது பக்கம் திரும்பினால் கூட்டாளியின் ஊர்.

"சும்மா சொல்லக்கூடாது, பிரேக்குன்னா பிரேக்கு" என்றார் மாமனார். "சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்க. இனிமே உங்கள யாரு பிடிச்சு வைக்கப்போறா? எந்தப் பக்கம் வேணும்னாலும் திருப்புங்க மாப்பிள்ளை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சூது ஏதும் இல்லை. மனசாரத்தான் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. தடுக்க ஒருத்தர் இருந்த வரைக்கும் திட்டுவதற்காவது ஆள் இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. கூட்டாளி. அவர் எடுத்தார்.

"என்ன பிரேக்கு, ஒரு வழியா முடிஞ்சுதா? வர்றியா இல்லையா?"

அவர் இடது பக்கத்து ரோட்டைப் பார்த்தார். பின்னால் ஒரு வண்டி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.

"வரலடா" என்றார்.

அந்தப் பக்கம் கூட்டாளி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். அவர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

"யாரு மாப்பிள்ளை?"

"ராங் நம்பர் மாமா."

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். நாலு சக்கரமும் உடனே விட்டுக்கொடுத்தன. வண்டி அவர் முடுக்குவதற்கு முன்பே மெல்ல உருள ஆரம்பித்தது. அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வந்த தெருவுக்கே திருப்பினார். மாமனார் குழந்தை மாதிரி குனிந்து ஹாரனை அமுக்கினார்.

"இன்னொரு ரவுண்டு போலாமா மாப்பிள்ளை?"

"போலாம் மாமா" என்றார் அவர்.